எடைக்குப் போடாத கடை

மூர் மார்க்கெட் பக்கம் பழைய நாணயம் வாங்கி விற்கும் சின்னக் கடை, இரண்டு வருடமாகப் போகிறேன். விலை கொஞ்சம் கூடுதல்தான், பேரமும் படியாது. ஆனால் போன மாதம் ஒரு பாட்டி சுருக்குப்பையில் வெள்ளி ரூபாய்களைக் கொண்டுவந்து எடைக்கு எடுத்துக்கச் சொன்னபோது, கடைக்காரர் அதில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் வருடக் காசை மட்டும் தனியே வைத்து, "பாட்டிம்மா, இது எடைக்குப் போற காசு இல்ல, ரொம்ப அபூர்வம், வேற ரெண்டு இடத்துலயும் விசாரிச்சுட்டு வாங்க" என்றார். அந்தக் காசின் 11.66 கிராம் எடைக்கான பணத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சந்தையில் கிடக்கும் பொருளை அதில் எழுதியிருக்கும் விலைக்கு வாங்குவது வேறு, நம்மையே நம்பி விலை கேட்பவரிடம் மறைப்பது வேறு, இரண்டாவது எனக்குத் திருட்டுதான். அப்புறம், 1939க்குப் போலிகள் நிறைய உலவுவதால் நம் கண்ணெதிரே எடை போட்டுக் காட்டித்தான் விற்கிறார். ஞாயிறு விடுமுறை.