ஷெஃபீல்ட் கத்தியா, சோலிங்கன் கத்தியா? கல்லில் வைத்தால் தெரியும்

பழைய சவரக்கத்தி ஒன்றைத் திருத்தித் தானே பாவிக்க நினைப்பவர் தெரிவு செய்ய வேண்டியது இரண்டு வகைக்குள். ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் செய்த ஆப்புக்கத்தி: முதுகு தடித்து, இரு பக்கமும் கிட்டத்தட்டத் தட்டையாக வாய் வரை, அதாவது கூரான விளிம்பு வரை, இறங்கும். மற்றது, ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்துக் குழிவுக்கத்தி: இரு பக்கமும் சக்கரத்தில் குடைந்தெடுத்து, வாய்ப்பக்கம் தாள் மாதிரி மெலிந்திருக்கும். நான் வைத்துக்கொண்டது சோலிங்கன். சவரத்தில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. தீர்ப்பைச் சொன்னது கல்லுவேலை, அதாவது தீட்டுகல்லில் கூர் ஏற்றும் வேலை.

சலூன்களில் அரை பிளேட் மாட்டிச் சவரம் செய்யும் கத்தி இந்தக் கணக்கில் வராது. அதில் தீட்டவும் திருத்தவும் ஒன்றுமில்லை.

அடையாளம் பார்ப்பது சுலபம். பிடிக்குள் நுழையும் காம்பில் ஊர்ப்பெயர் இருக்கும். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டதால், ‘இங்கிலாந்து’, ‘ஜேர்மனி’ என்று பொறித்தவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ஷெஃபீல்ட் பக்கம் வேட் அன்ட் புட்சர், ஜோசப் றொட்ஜர்ஸ். சோலிங்கன் பக்கம் இரட்டையர் முத்திரை போட்ட ஹென்கல்ஸ். மூன்றும் நம்பி எடுக்கக்கூடிய உருக்கு.

ஆப்புக்கத்திக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கறள் எடுக்கும்போது அது நிறையவே பொறுக்கும். 400ஆம் இலக்கத்தில் தொடங்கி 600, 1000, 2000 என்று வரவர நுண்ணிய வாட்டர் பேப்பரில் மெஷின் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் ஆழமான கறள் குழியும் போகும். தேய்க்க உலோகம் இருக்கிறது. குழிவுக்கத்தியில் அந்தத் துணிவு கூடாது. வாயிலிருந்து 2 மில்லிமீற்றருக்குள் குழி இறங்கியிருந்தால் அந்தக் கத்தியை வாங்காமல் விடுவதே நல்லது: தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குள் போய்ச் சேர்ந்து பல்லாகிவிடும். முரட்டுத் தாடியிலும் ஆப்புக்கத்தி அதிராமல் போகும். அப்படித் தாடி உள்ளவருக்கு என் தெரிவு பொருந்தாமல் போகலாம்.

எந்த வகையானாலும் மோட்டார்ச் சக்கரத்தில் பிடிக்க வேண்டாம். மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீல நிறம் கண்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனிக் கூர் நிற்காது. தேசிக்காய்ப் புளியில் ஊறவைப்பதும் வேண்டாம். அமிலம் கறளோடு நல்ல உருக்கையும் தின்னும்.

இனிக் கல்லு. சவரக்கத்தியின் கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை, முதுகு தீர்மானிக்கிறது. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய, வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். 19 மில்லிமீற்றர் அகலமும் 5.5 மில்லிமீற்றர் முதுகும் உள்ள அலகில் வாய்க்கோணம் ஏறக்குறைய 16.6 பாகை. முதுகு 4.5 ஆகத் தேய்ந்திருந்தால் 13.6 பாகைக்கு இறங்கி, வாய் பொடியத் தொடங்கும். வாங்கும்போது முதுகைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

குழிவுக்கத்தியில் கல் தொடுவது இரண்டே கோடுகளை: முதுகில் ஒன்று, வாயில் ஒன்று. வாயில் பல் விழுந்திருந்தால் மட்டும் 1000ஆம் இலக்கக் கல். பிறகு வரவர நுண்ணிய 5000, 8000, 12000. வாயோரம் மார்க்கர் மை பூசித் தள்ளிப் பாருங்கள். மை மிஞ்சும் இடத்தில் கல் படவில்லை. வாய் முழுதும் படிந்ததும் கல்லின் மேலுள்ள தண்ணீர் முன்னே ஒதுங்குவதை விட்டு, வாயின் மேலாக ஏறி அலகில் வழியும். அதைக் கண்ட பிறகுதான் அடுத்த கல்.

ஆப்புக்கத்தியில் பக்கம் முழுதுமே கல்லில் படிகிறது. அவ்வளவு உலோகத்தையும் தேய்த்தால்தான் வாய்க்கு வேலை போய்ச் சேரும்; மணிக்கணக்கு ஓடும், அலகில் பொறித்த பழைய எழுத்தும் அழியும். முதுகில் மின்வயர் டேப் ஒரு சுற்று ஒட்டினால் கோணம் ஒரு பாகையளவு உயர்ந்து, வாயோரம் மட்டும் தேயும். ஆனால் ஒருமுறை டேப்போடு தீட்டினால் பிறகு எப்போதும் டேப்போடுதான். 5000 கல்லைத் தாண்டுமுன் டேப் தேய்ந்துவிட்டதா என்றும் பார்த்து மாற்ற வேண்டும்.

இந்த வேலை வருடத்தில் ஒருமுறை என்றால் பொறுக்கலாம். யாழ்ப்பாணத்தில் அப்படி இல்லை. கடற்காற்றில் உப்பு, ஐப்பசி மழை தொடங்கினால் வீட்டுக்குள்ளும் ஈரம். அலகு பளபளவென்று இருக்கும்போதே வாயில் கண்ணுக்குத் தெரியாத கறள் ஏறி, மயிரைப் பிடித்து இழுக்கும். தோல் வாரில் 60 தரம் இழுத்தும் சரிவராவிட்டால் கல்லுக்குத்தான் போக வேண்டும். குழிவுக்கத்திக்கு 12000 கல்லில் 20, 30 தள்ளல் போதும், தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும். ஆப்புக்கத்திக்கு டேப் ஒட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

சவரம் முடிந்ததும் பருத்தித் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் விசிறிக் காற்றில் திறந்து வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் காறிப் பிசுபிசுக்கும். குளியலறையிலும் தோலுறையிலும் வைக்கவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்கார நுரை நிற்காது. மழைத் தண்ணீர், அல்லது கொதிக்க வைத்துத் தெளிந்த தண்ணீர் எடுத்தால் நுரை கட்டியாக வரும்.

சோலிங்கன் வாங்குகிறவர் பிடியையும் மோந்து பார்க்க வேண்டும். பழைய செலுலொயிட் பிடி எங்கள் வெக்கையில் சிதைந்து அமில ஆவி விடும்; பிடி மூடும் இடத்தில் மட்டும் அலகு கறள் கட்டியிருந்தால் காரணம் அதுதான். அப்படியானால் ஆணியைக் கழற்றிப் பிடியை எறிந்துவிடுங்கள், நெருப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மாட்டுக்கொம்பில் புதுப் பிடி வெட்டி, 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியை ஆணியாகத் தட்டினால் போதும்.