ஸ்கெட்ச்அப் பிளகின்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எது இலவசமே போதும்

முப்பரிமாண மாடல் வரையும் மென்பொருளான ஸ்கெட்ச்அப் எடுத்த எடுப்பில் பிடித்துப்போவதற்குக் காரணம், அதில் பொத்தான்கள் குறைவு. ஆறு மாதம் வேலை செய்தபின் எரிச்சல் வருவதும் அதே காரணத்தால்தான். வளைந்த மேற்பரப்புக்குத் தடிமன் கொடுக்க நேர்வழி கிடையாது. ஒன்பது இஞ்ச் சுவரில் ஜன்னல் காம்பொனென்ட்டை (திரும்பப் பயன்படுத்தச் சேமித்த பொருள்) ஒட்டினால் முன்பக்க ஃபேஸில் (கோடுகள் சூழ்ந்த பரப்பு) மட்டும் ஓட்டை விழும், பின்பக்கம் மூடியே கிடக்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ரூபி என்ற நிரல்மொழியில் எழுதிய பிளகின்கள், அதாவது கூடுதலாக நிறுவும் சிறு கருவிகள், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வீட்டு பிளானை கேட் கோப்பாக (ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் வரைந்தது) வாங்கி மாடல் செய்துதரும் சிறிய அலுவலகத்துக்கு அவற்றில் எது உதவும் என்பதுதான் இங்கே கணக்கு.

முதலில் ஒரு தடை. பிரவுசரில் ஓடும் இலவச ஸ்கெட்ச்அப்பிலும் 'கோ' சந்தாவிலும் பிளகின் போட முடியாது. டெஸ்க்டாப்பில் நிறுவும் ப்ரோ அல்லது ஸ்டூடியோ வேண்டும். பழைய இலவச டெஸ்க்டாப் பதிப்பான 'ஸ்கெட்ச்அப் மேக்' (Make) 2017-இல் போடலாம்தான். ஆனால் அந்தப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும் உரிமம் பெற்றது, ஆட்டோகேட்டின் டி.டபிள்யூ.ஜி கோப்பையும் உள்ளே எடுக்காது. கட்டண வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

எல்லோரும் முதலில் தேடுவது படிக்கட்டு போடும் பிளகினை. ஆனால் முதலில் போட வேண்டியது கோடு சுத்தம் செய்யும் பிளகின். தாம்தாம் என்ற பெயரில் எழுதுபவரின் எட்ஜ் டூல்ஸ் அந்த வகை, இலவசம். கூடவே அவருடைய டிடி லிப் நூலகத்தையும் நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் மெனுவே வராது. பிளான் உள்ளே வந்ததும் ஃபேஸ் உருவாகவில்லை என்றால், பெரும்பாலும் எங்கோ ஒரு மூலையில் இரண்டு கோடுகள் மயிரிழை அளவு சேராமல் நிற்கின்றன என்று பொருள். கண்ணுக்குத் தெரியாது. இடைவெளி தேடும் பொத்தானை அழுத்தினால் அந்த முனைகளை அடையாளம் காட்டும். இடைவெளி மூடும் பொத்தானில் எவ்வளவு தூரம்வரை சேர்க்கலாம் என்று அளவு கேட்கும். அங்கே பேராசைப்பட்டு 2 இஞ்ச் கொடுத்தால், கதவு நிலையின் கோடு சுவர்க்கோட்டோடு ஒட்டிக்கொண்டு வாசல் காணாமல் போகும். கால் இஞ்சில் ஆரம்பித்து, போதாவிட்டால் மட்டும் ஏற்றுங்கள்.

பாதி வேலையை ஆட்டோகேட்டிலேயே முடித்துவிட்டால் பிளகினுக்கு வேலையே குறையும். டைமென்ஷன், ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்), ஃபர்னிச்சர் லேயர்களை நீக்குங்கள். ஓவர்கில் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை அழியுங்கள். ஃபிளாட்டன் கொடுத்து உயர அளவுகளைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு கோட்டின் ஒரு முனை அரை இஞ்ச் மேலே இருந்தால்கூட ஃபேஸ் விழாது. பிளானை 0,0 என்ற தொடக்கப்புள்ளிக்கு நகர்த்துங்கள். மனை சர்வே ஆயத்தொலைவில் வரைந்த கோப்பு அப்படியே வந்தால், ஜூம் செய்யும்போது மாடல் பாதி வெட்டுப்பட்டதுபோலத் தெரியும். கடைசியாக, இம்போர்ட் ஆப்ஷனில் யூனிட். மில்லிமீட்டரில் வரைந்த 230 சுவரை இஞ்ச் என்று உள்ளே எடுத்தால் சுவர் 19 அடி தடிமனாக நிற்கும், அது உடனே தெரிந்துவிடும். இஞ்சில் வரைந்த 9 சுவரை மில்லிமீட்டர் என்று எடுப்பதுதான் மோசம். எல்லாம் சரியான விகிதத்தில் சின்னதாக இருக்கும். ஸ்கெட்ச்அப் ஓர் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் புள்ளிகளை ஒன்றாகவே பார்க்கும் என்பதால், நுணுக்கமான மோல்டிங்குகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும்.

சுத்தமான கோடு கிடைத்ததும் எனரோத் ஃபேஸ் கிரியேட்டர் ஒரே அழுத்தில் எல்லா அறைக்கும் ஃபேஸ் போடும். இலவசம், வேறு எதுவும் செய்யாது, அதுவே அதன் நல்ல குணம்.

சுவரை எழுப்பியபின் சாலிட் இன்ஸ்பெக்டர். இதுவும் தாம்தாமுடையது, இதுவும் இலவசம். குரூப்பை (ஒன்றாகக் கட்டிவைத்த வடிவம்) தேர்ந்தெடுத்து ஓட்டினால் உள்ளே மறைந்த ஃபேஸ், அனாதைக் கோடு, திரும்பிக்கிடக்கும் ஃபேஸ் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டும். எல்லாவற்றையும் சரிசெய் என்ற பொத்தானும் உண்டு. பெரும்பாலும் நம்பலாம்; அது தீர்க்காமல் விட்டதைக் கையால் ஒரு கோடு வரைந்து மூட வேண்டியிருக்கும். சுவர் சாலிடாக, அதாவது எல்லாப் பக்கமும் ஓட்டையின்றி மூடியதாக, இல்லாவிட்டால் ஒரு வடிவத்தை இன்னொன்றால் வெட்டும் கழித்தல் கருவி வேலை செய்யாது, செங்கல் அளவு எடுக்கக் கனஅளவும் வராது. இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுக்காகவே இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஜன்னல் ஓட்டைக்குத் தீர்வு ஃபிளெக்ஸ்டூல்ஸ். கட்டணம் உண்டு. இதன் சுவர் வெட்டி, சுவரின் இரு ஃபேஸையும் துளைத்து உள்பக்கமும் அடைத்துத் தரும். ஜன்னலை நகர்த்தினால் ஓட்டையும் நகரும். ஸ்கேல் கருவியால் இழுத்தால் கண்ணாடி அகலும், சட்டத்தின் அகலம் மாறாது. வாடிக்கையாளர் நாலுக்கு நாலை ஐந்துக்கு நாலாக்கச் சொல்லும் வேலையில் இதன் அருமை தெரியும். குறை என்னவென்றால், இவை டைனமிக் காம்பொனென்ட்கள், அதாவது அளவுக்கேற்பத் தாமே மாறிக்கொள்பவை. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி காம்பொனென்ட்டாகப் பிரிந்துகொண்டே போகும். அடுக்குமாடி முகப்பில் அறுபது ஜன்னல் வைத்தால் கோப்பு கனத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சநேரம் உறைந்து நிற்கும். தனிவீட்டுக்கு எடுக்கலாம். அடுக்குமாடிக்கு, நாலைந்து அளவு ஜன்னலைச் சாதாரணக் காம்பொனென்ட்டாகச் செய்து நகலெடுப்பதே வேகம்.

படிக்கட்டுக்கு 1001பிட் டூல்ஸ் இன்னும் கையடக்கமானது. நேர்ப்படி, மடிப்புப்படி, சுழல்படி எல்லாம் எண்ணைக் கொடுத்தால் வரைந்துவிடும். தவறு எண்ணில்தான் நடக்கும். அறை உயரம் 10 அடி என்று 120 இஞ்ச் போட்டு, ரைசர் (ஒரு படியின் உயரம்) 6 இஞ்ச் கொடுத்தால் 20 படி கச்சிதமாக வரும், மனதுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் படி ஏற வேண்டியது அறையின் உயரத்தை மட்டுமல்ல, மேலே உள்ள 5 இஞ்ச் கான்கிரீட் தளத்தையும் சேர்த்து. மொத்தம் 125, அதே 20 படி என்றால் ரைசர் 6.25. இதை மறந்தால் கடைசிப் படிக்கும் மாடித் தரைக்கும் நடுவே 5 இஞ்ச் தொங்கும். ரெண்டர் படத்தில் யாருக்கும் தெரியாது, சைட்டில் கொத்தனார் கேட்பார். மடிப்புப்படி என்றால் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு ஓட்டத்தில் 9 மிதிபலகை, ஒவ்வொன்றும் 10 இஞ்ச், ஆக ஏழரை அடி. திரும்பும் மேடையான லேண்டிங் 3 அடி. இந்தப் பத்தரை அடி பிளானில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஃப்ரெடோ6 எழுதிய கருவிகளுக்குத் தனிக் கூட்டமே உண்டு. அவற்றில் வீட்டு வேலைக்கு உண்மையில் தேவைப்படுவது ஜாயின்ட் புஷ் புல் ஒன்றுதான். வளைந்த சன்ஷேடோ பால்கனியோ, மேற்பரப்பை மட்டும் வரைந்துவிட்டு 5 இஞ்ச் கொடுத்தால் எல்லாப் பக்கமும் சமமாகத் தடிக்கும். 'தடிமனாக்கு' தேர்வு அணைந்திருந்தால் மூல ஃபேஸ் அழிந்து உள்ளீடற்ற கூடு மிஞ்சும், பார்த்துக்கொள்ளுங்கள். வளைவின் ஆரம், கொடுக்கும் தடிமனைவிடச் சிறியதாக இருந்தால் உட்பக்க ஃபேஸ்கள் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். அது பிளகினின் பிழை இல்லை, வடிவியல் அப்படி. இவர் கருவிகளுக்கு லிப்ஃப்ரெடோ6 கட்டாயம். சில இப்போது கட்டணத்துக்கு மாறிவிட்டன, நிறுவுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு பிளகினுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால் புரொஃபைல் பில்டர். ஒரு குறுக்குவெட்டை வரைந்து பாதையைக் காட்டினால் பாராபெட் (மாடிக் கைப்பிடிச் சுவர்), கார்னிஸ் (சுவரின் மேல்விளிம்பு அலங்காரம்), ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டி), காம்பவுண்டுச் சுவர் எதுவும் ஓடிவிடும். அசெம்பிளி என்ற வசதியில் கைப்பிடிக் கம்பியையும் குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கும் தூண்களையும் சேர்த்து ஒரே பொருளாகச் சேமிக்கலாம். அடுத்த வீட்டில் கோட்டைக் காட்டினால் போதும், கிராதி நிற்கும். பின்னால் 3 அடி பாராபெட்டை மூன்றரை ஆக்கச் சொன்னால் குறுக்குவெட்டை மாற்றினால் போதும். தடுமாறும் இடம் பாதையின் திசை. வலமாக ஓடும் கோட்டில் வெளியே நீட்டிய கார்னிஸ், இடமாக ஓடும் கோட்டில் உள்ளே திரும்பும். புதிதாக வாங்கியவர்கள் பிளகின் கெட்டுவிட்டது என்று நினைப்பது இங்கேதான். பாதையைத் திருப்பு என்று ஒரு பொத்தான் இருக்கிறது.

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் செய்பவர்களுக்கு பலகை வெட்டும் அளவுப்பட்டியல் தரும் ஓப்பன்கட்லிஸ்ட்டை மிஞ்ச ஆளில்லை. ஓப்பன் சோர்ஸ், இலவசம். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பலகையும் காம்பொனென்ட்டாக இருக்க வேண்டும். குரூப்பாக விட்டால் பட்டியலில் அது வராது, ஆசாரி ஒரு ஷெல்ஃப் குறைவாக வெட்டுவார். மெட்டீரியலை 'ஷீட்' வகையாக்கி, தடிமன் 18 மில்லிமீட்டர், அளவு 2440க்கு 1220 என்று பதிந்துவிடுங்கள். ரம்ப வெட்டுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் கொடுங்கள். மரவரி உள்ள லேமினேட் என்றால் வரி இருப்பதாகக் குறியுங்கள், இல்லாவிட்டால் தகட்டை மிச்சப்படுத்துவதற்காகக் கதவைக் குறுக்கே படுக்கவைத்துவிடும். பலகை விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்டின் தடிமனைக் கழிக்கச் சொல்லும் தேர்வும் உண்டு: 600 ஷெல்ஃபுக்கு இருபக்கமும் 2 மில்லிமீட்டர் பட்டி என்றால் வெட்டும் அளவு 596 என்று அச்சாகும். கையால் கணக்குப் போடுபவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் நாலு மில்லிமீட்டர் இது.

செயற்கை நுண்ணறிவு பக்கம், ஸ்கெட்ச்அப்பின் உரிமையாளரான டிரிம்பிள் நிறுவனம் 2023-இல் கொடுத்த ஸ்கெட்ச்அப் டிஃப்யூஷன். திரையில் தெரியும் மாடலை வைத்து, எழுத்தில் சொன்ன பாணியில் படம் போட்டுத்தரும். முதல் சந்திப்பில் நிறமும் மனநிலையும் பேச நன்றாக இருக்கிறது. மாடல் வடிவத்தை மதிக்கும் அளவைக் குறைத்தால் மூன்று ஜன்னல் நாலாகிவிடும். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், இல்லாத அந்த நாலாவது ஜன்னலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2024 பதிப்புக்கு மாறியவர்களுக்கு ஒரு தகவல். அதில் உள்ளே இருக்கும் ரூபி 3.2 ஆனது. பழைய பிளகின்கள் கோப்பு இருக்கிறதா என்று கேட்கப் பயன்படுத்திய 'எக்ஸிஸ்ட்ஸ்' என்ற கட்டளை அந்த ரூபியில் நீக்கப்பட்டுவிட்டது, 'எக்ஸிஸ்ட்' மட்டும்தான் மிச்சம். நன்றாக ஓடிய கருவி திடீரென்று மெனுவில் இல்லை என்றால் பிழைச்செய்தி வரும் ரூபி கன்சோலைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் இந்தச் சொல் சிவப்பில் நிற்கும். பிளகின்ஸ் ஃபோல்டரில் உள்ள கோப்பு வெறும் எழுத்தாக இருந்தால் நோட்பேடில் திறந்து அந்தச் சொல்லின் கடைசி 'எஸ்'ஸை நீக்கிச் சேமித்து, ஸ்கெட்ச்அப்பை மூடித் திறந்தால் பல நேரம் உயிர் பெற்றுவிடும். பூட்டிய கோப்பு என்றால் எழுதியவர் புதுப்பிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கிராக் செய்து குழுக்களில் சுற்றும் ஆர்.பி.இசட் (பிளகின் நிறுவும்) கோப்புகளைப் பற்றியும் ஒரு வரி. ரூபி நிரலுக்கு உங்கள் கணினியில் கோப்பை அழிக்கவும் முடியும், வெளியே அனுப்பவும் முடியும். எக்ஸ்டென்ஷன் மேனேஜரில் ஏற்றும் கொள்கையை 'அடையாளம் தெரிந்தவை மட்டும்' என்று வைத்துவிட்டால், டிஜிட்டல் கையெழுத்தில்லாத எதுவும் திறக்கும்போது ஓடாது.