மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்ன குடும்ப மருத்துவ நிலையம்: ஈராண்டு அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் உள்ள ஒரு குடும்ப மருத்துவ நிலையத்துக்கு, ஈராண்டுகளாக என் தாயாரை அழைத்துச் சென்று வருகிறேன். அதை நடத்தும் மருத்துவர் தம் பெயர் விளம்பரம்போல் வெளிவருவதை விரும்பாததால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆயினும் அங்கு கிடைக்கும் கவனிப்பு எத்தகையது என்பதை, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களேனும் அறிய வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன்.

குடும்ப மருத்துவர் என்றால் சிறப்புப் படிப்பு எதுவும் படிக்காத மருத்துவர் என்றே நானும் பல காலம் எண்ணியிருந்தேன். எம்.பி.பி.எஸ். முடித்த பின் மூன்றாண்டுகள் குடும்ப மருத்துவத்தையே டி.என்.பி. முதுநிலைப் படிப்பாகப் படிக்கலாம் என்பதும், அதற்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும் என்பதும் இந்த நிலையத்துக்குச் சென்ற பிறகே எனக்குத் தெரிந்தது.

நாங்கள் முதன்முறை சென்றபோது என் தாயாருக்கு வயது 68. சர்க்கரைக்கு ஒருவர், இரத்த அழுத்தத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என மூன்று மருத்துவர்களிடம் பார்த்துவந்தோம். இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருந்தன. வீக்கம் வடிய நீர் மாத்திரை ஒன்றும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதைத் தின்னத் தொடங்கிய பின் படுக்கையிலிருந்து எழுந்தாலே தலைசுற்றியது. மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருந்துச்சீட்டை ஓரமாக வைத்து, "அம்மா, வீட்டுல இருக்குற எல்லா மாத்திரையையும் பையோட எடுத்துட்டு வாங்க" என்றார். அன்று மாலையே கொண்டுபோய் மேசைமேல் கொட்டினோம். ஒவ்வோர் அட்டையையும் திருப்பி, பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த மருந்துப் பெயரைப் படித்து, ஒரே மருந்துள்ள அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். முன்புறம் வேறு வேறு வணிகப் பெயர்கள் கொண்ட இரண்டு அட்டைகள் ஒரே அடுக்கில் சேர்ந்தன. இரண்டுமே அம்லோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்து, 5 மில்லிகிராம். ஒன்று பழைய மருத்துவர் எழுதியது, மற்றொன்று புதியவர் எழுதியது. இரண்டையும் தாயார் தவறாமல் தின்றிருக்கிறார்.

அம்லோடிபின் அளவு கூடக்கூடக் கணுக்கால் வீங்கும் வாய்ப்பும் கூடும் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயாகக் கருதி, அதற்கு இன்னொரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருத்துவர் ஓர் அம்லோடிபினை நிறுத்தி, சில நாட்கள் கவனித்துவிட்டு நீர் மாத்திரையையும் நிறுத்தினார். தாம் செய்ததை விளக்கி மற்ற மருத்துவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. நாங்கள் முன்பு பார்த்த மருத்துவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்களே. ஆனால் மூவர் எழுதியதையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இருக்கவில்லை. அந்தப் பொறுப்பை ஏற்பதுதான் குடும்ப மருத்துவம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஒரே மருத்துவரிடம் நெடுங்காலம் பார்ப்பதன் பலனை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். நார்வேயில் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொது மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்திருந்தது. இது பதிவுகளை ஒப்பிட்டுக் கண்டது. மருத்துவர் மாறாததே முழுக் காரணம் என்று இதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் என் தாயாரின் கால் வீக்கத்தைக் கண்ட பிறகு, அந்த எண்ணிக்கை எனக்கு வியப்பளிக்கவில்லை.

இரத்த அழுத்தம் அளக்கும் முறைக்காகவே இந்த நிலையத்தைப் பாராட்டலாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, பேச்சுக் கொடுக்காமல், கையை மேசைமேல் தாங்கலாக வைத்து, இரண்டு முறை அளக்கிறார்கள். அப்படியும் தாயாருக்கு மேல் அளவு 158 காட்டியது. மாத்திரையைக் கூட்டிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ, மேற்கையில் கட்டும் கருவியால் ஏழு நாட்கள், காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை வீட்டிலேயே அளந்து எழுதி வரச் சொன்னார். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்த்தால் 132 வந்தது. வீட்டில் அளக்கும்போது 135க்கு 85 என்பதே எல்லை என்றும், மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறுவது பலருக்கு உண்டு என்றும் விளக்கி, புதிய மாத்திரை எதையும் சேர்க்காமல் அனுப்பினார்.

அந்த ஏழு நாள் குறிப்பேட்டிலிருந்துதான் ஆய்வுக்குள் எங்கள் வீடும் நுழைந்தது. டி.என்.பி. படிக்கும் இளம் மருத்துவர் ஒருவர், ஏற்கெனவே மாத்திரை தின்னும் முதியவர்களுக்கு வீட்டு அளவும் நிலைய அளவும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைத் தம் ஆய்வேட்டுக்காகப் பதிவுசெய்துவந்தார். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற, நான்கு பக்கத் தமிழ் ஒப்புதல் படிவத்தைத் தாயாரிடம் கொடுத்தார். தாயார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல கையெழுத்துப் போடலேன்னா வைத்தியம் பாக்க மாட்டீகளா தம்பி?" என்று கேட்டார். "போடாட்டியும் இதே வைத்தியந்தான் அம்மா. போட்ட பிறகு வேண்டாம்னு தோணினாலும் எப்போ வேணாலும் விலகிக்கலாம். உங்க பேரும் எங்கேயும் வராது" என்றார் அவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இந்த உரிமையை வலியுறுத்துகின்றன. தாயார் ஒரு நாள் யோசித்துவிட்டு மறுநாள் கையெழுத்திட்டார்.

இத்தகைய ஆய்வு ஏன் தெருமுனை நிலையத்தில் நடக்க வேண்டும் என்பதற்கு, கெர் ஒயிட் என்னும் மருத்துவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1961இல் வெளியிட்ட கணக்கே விடை. ஒரு மாதத்தில் 1,000 பெரியவர்களில் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறை வருகிறது. 250 பேர் மருத்துவரிடம் செல்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை செல்பவர் ஒருவரே. அந்த ஒருவரை மட்டும் ஆராய்ந்தால் மற்ற 249 பேரைப் பற்றி நாம் அறிவது சொற்பமே. வேல்ஸில் கிளின்கோரக் என்னும் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நோய் என்று வந்தவர்களை மட்டுமன்றி, வராதவர்களையும் தேடி இரத்த அழுத்தம் அளந்து, பல்லாண்டுகள் குறிப்பெடுத்தார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவரே. சிகிச்சைக்கென எழுதிய குறிப்பே அவருக்கு ஆய்வாகவும் அமைந்தது. எங்கள் நிலையத்திலும் அவ்வாறே.

ஆய்வு முடிந்ததும் அதன் முடிவுகளை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் காத்திருப்பு அறைச் சுவரில் ஒட்டினார்கள். தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். பங்கேற்றவர்களுக்கு முடிவைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நினைத்த அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. ஒருவருக்கு இருபது நிமிடம் செலவிடுவதால் திங்கட்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேர்கிறது. முன்பதிவு வசதி இல்லை. ஒப்புதல் படிவத்தின் தமிழ் மிகக் கடினம். "தன்னார்வப் பங்கேற்பாளர்" போன்ற சொற்களை இளம் மருத்துவர் வாய்விட்டு விளக்கியிராவிட்டால் தாயாருக்குப் புரிந்திருக்காது. மருத்துவர் வெளியூர் செல்லும் நாட்களில் மாற்று ஏற்பாடு இல்லை என்பதே எனக்குப் பெரிய குறை. ஆண்டுக்கணக்காக ஒருவரையே நம்பியிருப்பவர்களுக்கு அந்த நாட்கள் கடினமானவை. நம்மைப் பற்றிய குறிப்புகளைப் படித்துப் பார்க்கக்கூடிய இன்னொரு மருத்துவராவது அன்று இருக்க வேண்டும். இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

கட்டணம் 200 ரூபாய். இரத்த அழுத்தம் மட்டும் பார்த்துச் செல்ல வருபவர்களிடம் வாங்குவதில்லை. வியாழன் மாலையில் கூட்டம் குறைவு. முதன்முறை செல்பவர்கள் மருந்துச்சீட்டுகளோடு, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், பாதி தீர்ந்தவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.