ராமலிங்க விலாசம்: கால் மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற இடமில்லை

ராமேஸ்வரம் போகிற வழியில் "அரண்மனையையும் எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவோம்" என்று ராமநாதபுரத்தில் வேனை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கால் மணி நேரத்தில் வெளியே வந்து, "உள்ளே ஒண்ணுமில்லை, ஒரே இருட்டு" என்பார்கள். இருட்டு என்பது மட்டும் சரி.

அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி கட்டிய மண்டபம். அதன் அமைப்பு கோயில் மாதிரி: மகாமண்டபம், அர்த்த மண்டபம், கடைசியில் ராமர் பீடம். சுவரும் விதானமும் முழுக்க ஓவியம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை. வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால் எதுவும் பிடிபடாது. ஐந்து நிமிடம் தூணோரம் சும்மா நில்லுங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைக் காண வந்த வெள்ளைக்காரர்கள், ராஜராஜேஸ்வரி அம்மனிடம் அவர் செங்கோல் வாங்குவது என்று ஒவ்வொன்றாகத் தெளியும். உப்புக் காற்றும் ஈரமும் ஏறிய இடங்களில் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து, ஓவியமும் சேர்ந்து உதிர்ந்திருக்கிறது. சுவரில் சாயவோ கை வைக்கவோ வேண்டாம். மாடியில் இருப்பவை அரசரின் அந்தரங்க வாழ்க்கைக் காட்சிகள். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பெரியவர் ஒருவரை ஏறிப் பார்க்கச் சொல்லலாம். இங்கே காட்சிக்கு வைத்திருக்கும் ஆயுதங்களுக்கு நடுவே வளரி இருக்கிறது, எறிந்து தாக்கும் நம்மூர் வளைதடி. அதைத் தவறவிடாதீர்கள்.

நாலைந்து பேராகப் போவது நல்லது. ஒருவர் கண்ணுக்குத் தப்பிய குதிரை இன்னொருவருக்குத் தெரியும். கும்பல் பெரிதானால் எல்லோரும் ஒரே சுவரின் முன் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

காலை 10 மணிக்குத் திறந்ததும் நுழைந்து, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. பலரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில். பதினொன்றரைக்கு இங்கிருந்து கிளம்பி, 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்புல்லாணி கோயிலுக்கு விரட்டுவார்கள். போய்ச் சேரும்போது நடை சாத்தும் நேரமாகிவிடும். சாப்பாட்டை ஊரிலேயே முடித்து, வெயில் தாழ நாலு மணிக்குப் போனால் தர்ப்பைப் புல்லில் பள்ளிகொண்ட தர்ப்பசயன ராமரை நிதானமாகச் சேவிக்கலாம்.

அதே சாலையில் அடுத்தது கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்கள் கோயில் மண்டபத் தூண்களின் உடன்பிறப்புகள், உருவச் சிற்பம் மட்டும் இருக்காது. தொழுகை நேரம் தவிர்த்து, அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

திரும்பும் முன் தொதல். தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் இனிப்பும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டுவது. கால் கிலோ போதும், நெஞ்சை அடைக்கும் பண்டம். வாங்கும் முன் ஒரு துண்டு கேளுங்கள்: விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் கிண்டல் போதவில்லை, சீக்கிரம் புளித்துவிடும். சூடாகக் கொடுத்தால் டப்பாவை உடனே மூட வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.