விறகை மிச்சப்படுத்தும் அனகி அடுப்பு. புகைக்கு வேறு வழி வேண்டும்

இலங்கையின் சந்தைகளிலும் மட்பாண்டக் கடைகளிலும் விற்கப்படும் அனகி அடுப்பை விறகுச் செலவைக் குறைப்பதற்காக வாங்குபவர் ஏமாறமாட்டார். புகையே வராது என்ற பேச்சை நம்பி வாங்குபவர் ஏமாறுவார். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாமலே இதைப் பலர் பரிந்துரைக்கின்றனர்.

1980களில் உருவான இந்தச் சுட்டமண் அடுப்பில் விறகு வைக்க ஒரு திறப்பும் பாத்திரம் வைக்க இரண்டு வாய்களும் உள்ளன. முதல் வாயில் சோறு கொதிக்கும்போது, உள்வழியாகச் செல்லும் மிச்ச அனலில் இரண்டாவது வாயில் பருப்போ கறியோ வேகும். மூன்று கல் அடுப்பில் நாலாபக்கமும் சிதறிப்போகும் சூட்டை இது பாத்திரத்தின் அடியிலேயே நிறுத்துகிறது. எங்கள் குசினியில் விறகு மூன்றிலொரு பங்காவது மிச்சமாகிறது. காட்டோரத்திலிருந்து விறகு சுமந்துவரும் பெண்ணுக்கு அது சில சுமைகள் குறைவதாகும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது, எரிவாயுவுக்குப் பழகிய வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அந்த நாட்களில் இதன் அருமை நன்றாகவே விளங்கியது.

ஆனால் இதற்குப் புகைபோக்கி இல்லை. எரிவது குறைவதால் புகையும் குறைகிறதே தவிர, வரும் புகை முழுவதும் குசினிக்குள்ளேதான் வருகிறது. விறகுப் புகையின் நுண்துகள்கள் குழந்தைகளுக்கு நிமோனியாவையும் பெரியவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் நோயையும் தரக்கூடியவை. வீட்டுக்குள் மாசடைந்த காற்றினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே, ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் மலையகத் தோட்டங்களின் லயன் எனும் வரிசை வீட்டில் இந்த அடுப்புக்கு மாறினால் மட்டும் நலம் கிடைக்கும் என்பது வெறும் ஆறுதல். கூரையோரம் திறப்பு வைக்கவேண்டும்; விறகை நன்றாகக் காயவைத்து, சிறிதாகப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாக இடவேண்டும். மழைக்காலத்தில் ஈரப் பொச்சுமட்டையைத் திணித்தால் எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும்.

வாங்கிய கையோடு வெறுமனே பற்றவைப்பது பெரும்பாலானோர் செய்யும் தவறு. களிமண்ணுடன் உமியோ சாணமோ குழைத்துச் சுற்றிலும் தடிப்பாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பின்னரே நெருப்பு மூட்டவேண்டும். பூச்சில்லாத அடுப்பு சூட்டை வெளியே விடும், விரைவில் வெடிக்கும், பிள்ளைகளின் கையையும் சுடும். ஒரே பாத்திரத்தில் சமைக்கும் நேரங்களில் இரண்டாவது வாயில் தண்ணீர்ப் பானையை வைத்தால் சூடு வீணாகாது. அந்த வாயில் சோறு கொதிக்கவைக்க முயல்வது மட்டும் வீண்வேலை. விருந்துக்கான பெரிய கிடாரமும் இதற்குப் பொருந்தாது.

இவ்வடுப்பைக் கிராமத்துக் குயவர் குடும்பங்களே வனைந்து சூளையிடுகின்றன. வேலையில் பெண்களின் பங்கும் பெரிது. அலுமினியம் வந்தபின் சட்டிபானை விற்பனை சுருங்கிப்போன அவர்களுக்கு இது நிலையான வருமானம். அதற்காகச் சரியாக வேகாத பொருளை வாங்கவேண்டியதில்லை. விரலால் தட்டிப் பாருங்கள்; கணீரென்று ஒலித்தால் எடுங்கள், மந்தமாக ஒலித்தால் அடுத்ததைத் தட்டுங்கள். இரண்டு வாய்களையும் இணைக்கும் உள்வழியில் வெடிப்புக் கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபிறகு காசைக் கொடுங்கள்.