மூன்று கதவு அலமாரியும் இரண்டு வீடு மாற்றமும்

2017-இல், திருமணமான புதிதில், இணையத்தில் வாங்கிய அலமாரி இது. ஐந்து அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியது. உயரம் 210 செ.மீ., அகலம் 135, ஆழம் 58. மூன்று கதவு, நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. எல்லாம் 18 மி.மீ. பார்டிகிள் போர்டு. பூட்டித் தர கடையிலிருந்தே இரண்டு பேர் வந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்து, பெட்டிக் குப்பையோடு கையேட்டையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் கேட்டு வாங்கவில்லை.

இருந்திருந்தாலும் பெரிய பயன் இல்லை என்று இப்போது தெரிகிறது. நான் பார்த்த இத்தகைய கையேடு எதிலும் பூட்டும் படம்தான் இருக்கிறது, கழற்றும் படம் இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956-இல் சுவீடன் மரச்சாமான் நிறுவனமான ஐகியாவின் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றினாராம். தட்டைப் பெட்டி மரச்சாமான் வியாபாரத்துக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். கழற்றியதில் பிறந்த தொழில்! (என் அலமாரி அவர்களுடையது அல்ல.)

முதல் மாற்றம் 2020 பிப்ரவரியில், சென்னை நங்கநல்லூரிலிருந்து மடிப்பாக்கத்துக்கு. சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்றிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, புது வீட்டில் பால் காய்ச்சும் நேரம் தவறிவிடக் கூடாது என்ற பதற்றத்தில் இருந்தேன். கையில் பேட்டரி டிரில்லோடு வந்த பையன் நாற்பது நிமிடத்தில் அலமாரியைப் பலகைகளாக்கிவிட்டான். அன்று அந்த வேகத்தை வியந்தேன். அதன் விலை பிறகுதான் தெரிந்தது. புது வீட்டில் கதவுகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. இடது கதவு மேலே இடித்தது, வலது கதவு தானாகத் திறந்துகொண்டது. தரை சமமில்லை என்று வீட்டுக்காரரைக் குறை சொல்லிக்கொண்டே நான்கு ஆண்டுகள் ஓட்டினோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மடிப்பாக்கத்தில் தரைத்தளம் என்றால் சொல்லவே வேண்டாம். வீட்டுக்குள் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், ஒன்றரை நாள். மரம் ஊறினால் காய்ந்த பிறகு ஓரளவு பழைய நிலைக்கு வரும். மரத்தூளைப் பசையில் அழுத்திய பார்டிகிள் போர்டு வராது. 18 மி.மீ. பலகையின் அடிப்பகுதி 24 மி.மீ. ஆகி, மேல் காகிதம் வெடித்து நின்றது. அம்மாவின் இரும்பு பீரோவுக்கு அடியில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார். தை பிறந்ததும் குரோம்பேட்டையில் முதல் மாடியில் வீடு கிடைத்தது.

இந்த முறை நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன். துணைக்கு மனைவியின் தம்பி. "மாமா, இதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடுங்கள்" என்றுதான் வேலையை ஆரம்பித்தான்.

முதலில் கதவுகள். அலமாரி சுவரோடு பிடிக்கப்பட்டிருக்கும்போதே கதவுகளை எடுத்துவிட வேண்டும். சுவர்க் கிளாம்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்தால் மொத்தமும் நம்மீது சாயும். பிறகு இழுப்பறை, துணி மாட்டும் கம்பி, தட்டுகள். இவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை. கிளாம்பை எடுத்து, கால்களுக்கடியில் சாக்கைக் கொடுத்து அறை நடுவுக்கு இழுத்து, முகம் கீழாகப் படுக்க வைத்தோம்.

அப்போதுதான் முதுகுப் பலகை கண்ணில் பட்டது. 3 மி.மீ. அட்டைதானே என்று யாரும் அதை மதிப்பதில்லை. உண்மையில் அலமாரி கோணாமல் நிற்பதே அதனால்தான். சுற்றிலும் கையகலத்துக்கு ஒரு ஆணி இருக்க வேண்டிய இடத்தில், 2020-இல் பூட்டியவர்கள் மொத்தமாக ஒன்பது ஆணி அடித்திருந்தார்கள். மூலைக்கு மூலை குறுக்காக டேப் வைத்து அளந்தேன். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் அலமாரி கோணவில்லை என்று பொருள். ஒரு பக்கம் 249, மறுபக்கம் 250.5. நான்கு ஆண்டுகளாகக் கதவு இடித்ததற்குக் காரணம் தரையல்ல, இந்த ஒன்றரை சென்டிமீட்டர். வீட்டுக்காரரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்தது மினிஃபிக்ஸ். தச்சர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் தலையை, மற்றதில் 15 மி.மீ. துளைக்குள் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் வட்டப் பூட்டு கவ்விப் பிடிக்கும். இது திருகாணி அல்ல, தாழ்ப்பாள். சுற்றிச் சுற்றிக் கழற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இடது பக்கமாக அரைச்சுற்று திருப்பி, அதன் மேல் உள்ள அம்புக்குறி பலகையின் விளிம்பைப் பார்த்து நின்றால் பிடி விட்டுவிடும். டிரில்லை வைத்துச் சுழற்றினால் பூட்டின் வாய் மழுங்கிவிடும். பாதி திறந்த நிலையில் பலகையை இழுத்தால் போல்ட் தன்னைச் சுற்றியுள்ள தூளோடு பெயர்ந்து வரும், புட்டு உதிர்வது போல. அந்தப் பையன் அப்படித்தான் இழுத்திருக்கிறான். 32 பூட்டுகளில் ஏழு வெறும் அலங்காரமாக இருந்தன.

கைத் திருப்புளியால் ஒவ்வொன்றாகத் திருப்பி, மேல் பலகை தானாக ஆடத் தொடங்கிய பிறகே நேராகத் தூக்கினோம். அடியில் இருந்த நான்கு பூட்டுகள் ஊறி இறுகியிருந்தன. அந்தப் பலகையை மட்டும் உடைக்க வேண்டியதாயிற்று. மொத்தம் மூன்று மணி இருபது நிமிடம். எந்தப் பலகை எங்கே என்பதை வெளியே தெரியாத விளிம்புகளில் மார்க்கரால் எழுதினேன். திருகாணிப் பொட்டலங்களை அந்தந்தப் பலகையிலேயே டேப் போட்டு ஒட்டியது மட்டும் பெரிய தப்பு. பிரித்தபோது மர வரிகள் அச்சிட்ட காகிதமும் சேர்ந்து வந்தது. நடுப் பலகையில் இன்றும் இரண்டு வெள்ளைத் தழும்புகள்.

சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியின் தளம் ஏழு அடி. 210 செ.மீ. பக்கப் பலகைகள் சொல்லி வைத்தாற்போல அதில் அடங்கின. ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ இருக்கும்.

பெயர்ந்த துளைகளை 10 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, ஃபெவிகால் தடவிய மரக்குச்சியை அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி துளையிட்டேன். இன்றுவரை அசையாமல் இருப்பவை அந்த ஏழும்தான். உடைந்த அடிப்பலகைக்குப் பதில் தண்ணீர் தாங்கும் பிளைவுட். தரையில் படுக்க வைத்து எல்லாவற்றையும் பூட்டி, இருவரும் சேர்ந்து நிமிர்த்தினோம். முக்கால் தூரம் எழுந்ததும் டங்கென்று ஒரு சத்தம். பரண். தரையிலிருந்து 216 செ.மீ. உயரத்தில் இருந்தது. 210 அதற்குள் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேனே தவிர, நிமிரும் வழியில் மூலைவிட்டம் குறுக்கே வரும் என்று யோசிக்கவில்லை. பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 210-க்கும் 58-க்கும் விடை 218. மைத்துனன் சிரித்த சிரிப்பை எழுத வேண்டாம்.

மறுநாள் வந்த தச்சர் பரணைப் பார்க்கவே இல்லை. ஊதிக் கிடந்த கால்களைப் பார்த்தார். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், சார்?" என்று கேட்டு ஐந்து சென்டிமீட்டரை அறுத்து எறிந்தார். உயரம் 205, மூலைவிட்டம் 213. அலமாரி பரணுக்கடியில் உரசாமல் எழுந்து நின்றது. வெள்ளம் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூலைவிட்டம் பார்த்து நெருக்கமாக ஆணி அடித்ததால் கதவுகள் முதல் நாள் போல மூடுகின்றன. உள்ளே மூலைகளில் எட்டு எல் கிளாம்புகள் சேர்த்திருக்கிறேன். நடுத்தட்டு புடவைப் பாரத்தில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. பழைய துளைகளில் இன்னொரு முறை கழற்றும் அளவுக்குச் சதை இல்லை. மறுபடி வீடு மாற நேர்ந்தால் கண்ணாடிக் கதவையும் கீல்களையும் அந்த பிளைவுட்டையும் மட்டும் குட்டியானையில் ஏற்றுவேன்.