எடை குறைந்த பிறகும் குழுவை விடவில்லை: நீண்ட நாள் அனுபவம்

எடை குறைப்புக் குழுவில் இருக்கிறேன் என்று சொன்னால், "எவ்வளவு குறைஞ்சது, எத்தனை மாசத்துல?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 94 கிலோவில் சேர்ந்தேன். ஒன்றேகால் ஆண்டில் 77க்கு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் பெரும்பாலும் 77க்கும் 79க்கும் நடுவில்தான் இருக்கிறேன். நான் எழுத வந்தது இந்தக் கடைசி வரியைப் பற்றி. எடையைத் தனியாகவும் குறைக்கலாம், நிறையப் பேர் குறைக்கிறார்கள். குறைத்ததைக் காப்பாற்றுவதில்தான் எனக்குக் குழு கைகொடுத்தது.

குழு நடக்கும் விதம் எளிமையானது. ஏறக்குறைய பதினைந்து பேர், வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம். வந்ததும் ஒவ்வொருவராகத் தடுப்புக்குப் பின்னால் போய் எடை பார்ப்போம். எண்ணை நம் நோட்டில் எழுதிக்கொள்வோம், நடத்துபவரும் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். யாருடைய எடையையும் சத்தமாகப் படிப்பதில்லை. பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. நடத்துபவர் டாக்டர் அல்ல, தானே எடையைக் குறைத்துப் பல ஆண்டுகளாகக் காத்து வருபவர். மருந்து, நோய் என்று பேச்சு போனால், "இதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க" என்று நிறுத்திவிடுவார். அந்த எல்லையை அவர் ஒருபோதும் தாண்டாததாலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கூடிப் பேசி எடை குறைப்பது நேற்று வந்த யோசனை இல்லை. 1948இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி 'டாப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1961இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் தன் தோழிகளை வீட்டுக்கு அழைத்து, சாப்பாட்டு ஆசைகளைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். அதுதான் 1963இல் 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனமாக வளர்ந்தது.

முதல் சில மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பிடுவதை எழுதி வைப்பது, தட்டின் அளவைக் குறைப்பது, காய்கறியும் புரதமும் கூட்டுவது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது. எல்லாம் தெரிந்த விஷயங்கள்தான். முதல் இலக்கு உடல் எடையில் 7 சதவீதம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நடத்துபவர் விளக்கினார். 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு இதே 7 சதவீத எடைக்குறைப்பும் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. போலி மாத்திரை பெற்ற பிரிவோடு ஒப்பிட்டால் அந்தப் பிரிவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 94 கிலோவுக்கு 7 சதவீதம் என்றால் ஆறரைக் கிலோ சொச்சம். இருபது, முப்பது கிலோ என்று மலைத்துப்போய் வந்தவர்களுக்கு இந்தச் சின்ன எண் பெரிய தெம்பு.

முதல் வாரமே இரண்டு கிலோ குறைந்து துள்ளிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று அப்போதே சொல்லிவிடுவார்கள். உடலில் மாவுச்சத்துச் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் போகும். மூன்றாவது வாரம் முள் நகராமல் நிற்கும்போது மனம் உடைந்துபோகாமல் இருக்க இந்த விளக்கம் எனக்கு ரொம்ப உதவியது.

அப்புறம், எடை கூடிய வாரம். ஒரு குழு நல்லதா இல்லையா என்பது அந்த வாரத்தில்தான் தெரியும்.

எங்கள் குழுவில் எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிடும் ஒருவர் தொடர்ந்து சில வாரங்கள் வரவில்லை. திரும்பி வந்த அன்று எடை பார்க்கத் தயங்கி, தடுப்பின் பக்கத்திலேயே நின்றார். "பாக்கணும்னு கட்டாயம் இல்லைக்கா, வந்ததே போதும், உட்காருங்க" என்றார் நடத்துபவர். கொஞ்ச நேரம் கழித்து அக்காவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார், மூன்று கிலோவுக்கு மேல் கூடியிருந்ததாக அவரே சொன்னார். "ஏன் சாப்பிட்டீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. "எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சு?" என்றுதான் கேட்டார்கள். இரவு, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, விளக்குகூடப் போடாமல் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டதாகச் சொன்னார். வட்டத்தில் இருந்த மூன்று பேர் உடனே, "நானும் அப்படித்தான்" என்றார்கள். அக்காவின் முகம் தெளிந்ததை அன்று நேரில் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு பல் தேய்த்துவிடுங்கள் என்றார் ஒருவர். பகலில் வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தவறவிடுகிறீர்களா என்று இன்னொருவர் விசாரித்தார். ஆமாம், பல நாள் மதியம் சாப்பிடுவதே இல்லையாம். இரவுப் பசிக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. மூன்றாமவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. "அந்த நேரத்துல நான் முழிச்சுத்தான் இருப்பேன், எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்றார். அக்கா பண்ணினார். சாப்பாட்டைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்கவில்லை என்று பிறகு சொன்னார். பேசி முடிக்கும்போது அந்தப் பத்து நிமிடம் கடந்துபோயிருக்கும்.

ஒருநாள் கட்டுப்பாடு தவறியதும், 'முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு' என்று அன்று முழுவதும் சாப்பிட்டுத் தீர்ப்பது டயட்டில் இருப்பவர்களிடம் சகஜம். ஜேனட் போலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடுவதால் வரும் எடை அற்பம். அதற்குப் பின் வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கும் வாரங்களில்தான் கிலோக்கணக்கில் ஏறுகிறது. ஆகவே எங்கள் குழுவில் எழுதாத விதி ஒன்று உண்டு. ஒரு வாரம் வராவிட்டால் மறுநாள் யாராவது ஒருவர் கூப்பிடுவார். "ஏன் வரலை?" என்று கேட்க மாட்டார், "அடுத்த வாரம் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கிறேன்" என்று மட்டும் சொல்வார்.

இனி, இலக்கை எட்டிய பிறகு நடந்தது. 77ஐத் தொட்ட அன்று எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த சில மாதங்கள் எடை குறைத்த காலத்தைவிடக் கடினமாக இருந்தன. "இளைச்சிட்டீங்களே!" என்று வியந்தவர்களுக்கு என் புது உருவம் பழகிவிட்டது. தராசு முள்ளும் இறங்குவதில்லை, அதே இடத்தில் நிற்பதுதான் வெற்றி என்று மனதுக்குப் புரியவைக்க வேண்டும். பசி மட்டும் குறைந்தபாடில்லை.

அந்தப் பசி கற்பனை இல்லை என்பது குழுவில்தான் தெரிந்தது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் கடுமையான டயட்டில் இருந்து எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அப்போதும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது, நிறைவு தரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவே இருந்தது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர், தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவாக இருந்தது. இழந்ததை மீட்கத்தான் உடல் பார்க்கிறது. ஆகவே, எடை திரும்ப ஏறியவரைப் பார்த்து 'மனக்கட்டுப்பாடு இல்லாதவர்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கட்டத்துக்கு எங்கள் குழுவில் 'இரண்டு கிலோக் கோடு' என்று ஓர் ஏற்பாடு. இலக்கிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறி இறங்கினால் கவலை வேண்டாம், அது தண்ணீர், உப்பு, மாதவிடாய் என்று எதுவாகவும் இருக்கலாம். கோட்டைத் தாண்டினால் அன்றே பழைய நோட்டை எடுத்துச் சாப்பாட்டை எழுதத் தொடங்க வேண்டும், துணையாக இருப்பவரைக் கூப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை வருபவர் வாரந்தோறும் வர வேண்டும். எனக்கும் கோடு தாண்டிய காலங்கள் உண்டு. இரண்டு கிலோவைத் திரும்ப இறக்குவது சில வார வேலை. பத்துக் கிலோ ஏறும்வரை பார்க்காமல் இருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ரீனா விங் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே எடை குறைத்திருந்த 314 பேரை மூன்று பிரிவாக்கி 18 மாதம் கவனித்தார்கள். 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறியவர்கள், வெறும் செய்திமடல் பெற்ற பிரிவில் சுமார் 72 சதவீதம், இணையம் வழியாக உதவி பெற்றவர்களில் 55, நேரில் கூடியவர்களில் 46. நேரில் கூடியவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். குழுவில் சேர்ந்தாலே எடை நின்றுவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

காலம் எவ்வளவு என்பதும் முக்கியம். பிரிட்டனில் 1267 பேரை வைத்து நடந்து 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 12 வாரம் குழுவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஓராண்டு முடிவில் சராசரியாக 4.75 கிலோ குறைந்திருந்தார்கள், 52 வாரம் அனுப்பப்பட்டவர்கள் 6.76 கிலோ. இரண்டாம் ஆண்டில் எல்லாருக்கும் கொஞ்சம் ஏறியது, இருந்தாலும் நீண்ட காலம் போனவர்களே முன்னால் இருந்தார்கள். மூன்று மாதத் திட்டம் என்று விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நான்காவது மாதம் எனக்கு யார் இருக்கிறார்கள்?

துணை என்று சொன்னேன் அல்லவா, எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒருவர் உண்டு. நண்பரோடு சேர்ந்தே வந்தால் இன்னும் நல்லது. விங்கும் ஜெஃப்ரி என்ற இன்னோர் ஆய்வாளரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 24 சதவீதம் பேர்தான் நான்காம் மாதத்தில் குறைந்திருந்த எடையைப் பத்தாம் மாதம்வரை முழுதாகக் காப்பாற்றினார்கள். நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் அது 66 சதவீதம். என் தோழிக்கும் எனக்கும் விடியற்கால நடை. அவள் தெருமுனையில் காத்துக்கொண்டு நிற்பாள் என்பதற்காகவே எழுந்த நாட்கள்தான் அதிகம்.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் எங்கள் குழுவில் 'இந்த மாதம் அதிகம் குறைத்தவர்' என்று பரிசு கொடுத்தார்கள். ஆண்களுக்குப் பொதுவாகத் தொடக்கத்தில் வேகமாகக் குறையும். ஸ்டீராய்டு போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு எவ்வளவு முயன்றாலும் மெதுவாகத்தான் குறையும். ஒரே கோலால் எல்லாரையும் அளந்தது சிலரை வெளியே தள்ளியது. பலர் சொன்ன பிறகு பரிசை நிறுத்தினார்கள், நல்லது. சிலருக்குத் தராசு எண்ணே நோயாகிவிடும். பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது போன்ற பழக்கம் இருந்தவர்கள் வாராந்தர எடை பார்க்கும் குழுவுக்கு வருமுன் மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ பேசியே ஆக வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும் அப்படித்தான். எடை குறையும்போது சர்க்கரை சட்டென இறங்கலாம், மருந்தளவை மாற்ற வேண்டி வரலாம்.

குழு என்று அழைத்து, இரண்டாவது கூட்டத்தில் பவுடர் டப்பாவை நீட்டும் இடங்களும் இருக்கின்றன. அங்கே உங்களுக்குத் துணை கிடையாது, நீங்கள் வாடிக்கையாளர். எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களில் இரண்டு பேர் டாக்டர் பரிந்துரையில், பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் என்ற மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். குறுக்குவழி என்று யாரும் முகம் சுளித்ததில்லை. ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022இல் ஆய்வு வந்தது. மருந்தோடு குறைத்தாலும் காக்கிற வேலை இருக்கத்தான் செய்கிறது, அதற்கு அவர்களும் எங்களோடு வட்டத்தில் உட்காருகிறார்கள்.

பக்கத்தில் நல்ல குழு கிடைக்காவிட்டால் மூன்று பேர் போதும், நீங்களே தொடங்கலாம். நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். எடையைத் தனியாகப் பாருங்கள், சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். இலக்கை எட்டியவர் குழுவை விட்டுப் போகாமல் மாதம் ஒருமுறையாவது வரட்டும். புதிதாக வருபவர் பார்க்க வேண்டியது அவரைத்தான். ஒருவர் வராவிட்டால் மறுநாள் யார் கூப்பிடுவது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.